ஏழு நிமிடம் தாமதமானால் போதும்

அறிவியல் புனைகதை எழுதுபவர்களுக்கான இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பூமியை நோக்கி வரும் விண்கல்லைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

என் கதையில் 400 மீட்டர் அகலமுள்ள சிறுகோள் மோத இன்னும் 18 நாட்கள்தான் இருக்கின்றன. வீரர்கள் அதில் இறங்கி, துளை போட்டு, அணுகுண்டு வைக்கிறார்கள். அறிவியல் சரியா? (கல்லூரி மாணவர்)

18 நாட்களை 12 ஆண்டுகளாக மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

பல ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் விட்டம் சுமார் 12,742 கி.மீ. அப்படியென்றால் தன் அகலம் அளவுக்கு நகர பூமிக்கு ஏழு நிமிடம் போதும். சந்திக்க வேண்டிய இடத்துக்குச் சிறுகோள் ஏழு நிமிடம் தாமதமாக வந்தால் பூமி அங்கே இருக்காது. கல்லைப் பொடியாக்க வேண்டாம், தாமதப்படுத்தினால் போதும்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பே அதன் வேகத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றினால், நேர்க்கோட்டுக் கணக்கிலேயே 3,000 கி.மீ.க்கு மேல் விலகும். வேகம் மாறும்போது சுற்றுக்காலமும் மாறுவதால் விலகல் அதைப்போல மூன்று மடங்கு வரை போகும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ.தான். சரி, அந்த ஆரம் அளவுக்கு விலகலை 18 நாளில் கொண்டுவர? நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் மாற்ற வேண்டும். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும், சுமார் 150 மீட்டர் அகலமுள்ள டைமார்போஸ் என்ற குட்டிச் சிறுகோள் மீது, சோதனைக்காகவே, நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் மோதியது. அதனால் ஏற்பட்ட மாற்றம் நொடிக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. உங்கள் கல்லோ அதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் கனமாக இருக்கும்.

துளையும் வேண்டாம். அணுகுண்டைப் பயன்படுத்துவதானால், மேற்பரப்பிலிருந்து சற்றுத் தள்ளி வெடிக்க வைப்பதுதான் ஆய்வாளர்கள் பேசும் வழி. விண்வெளியில் காற்று இல்லை, அதனால் அதிர்வலையும் இல்லை. எக்ஸ் கதிர்கள் ஒரு பக்கத்தின் மேல்தோலை ஆவியாக்கும். அந்த ஆவி பீறிட்டு வெளியேற, கல் எதிர்ப்பக்கம் நகரும். 1967-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் இகாரஸ் சிறுகோள் மோத வருவதாக வைத்துக்கொண்டு ஒரு திட்டமே தீட்டினார்கள்: ஆறு சாட்டர்ன் 5 ராக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 100 மெகாடன் குண்டு. அதில் எந்த வீரரும் கல்லில் இறங்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்துவிட்டால் விறுவிறுப்பு எங்கிருந்து வரும்? (இல்லத்தரசி, முதல் கதை எழுதுகிறார்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். விறுவிறுப்பு அங்கேதான் தொடங்குகிறது, அம்மா.

2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள தொலைநோக்கி ஒன்று 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைக் கண்டது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு, 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறியது. அப்புறம் சில நாட்களிலேயே ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. ஏன் அப்படி? கல் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்ற பகுதி, அளக்க அளக்கச் சுருங்குகிறது. பூமி அந்தப் பகுதிக்குள் இருக்கும்வரை சதவீதம் ஏறிக்கொண்டே போகும். பூமி வெளியே விழுந்த கணத்தில் சரிந்துவிடும். ஏறுகிறது என்பதாலேயே அபாயம் கூடுகிறது என்று பொருளில்லை.

இப்போது உங்கள் நாயகியை அங்கே நிறுத்துங்கள். சதவீதம் மூன்று. கல் தொலைவுக்குப் போய் மங்கிக்கொண்டிருக்கிறது, மறுபடி கண்ணில் பட மூன்று ஆண்டுகள் ஆகும். விண்கலம் கட்டவும் அதே அளவு காலம் வேண்டும். பணத்தை இன்றே கேட்பதா, காத்திருப்பதா? அமைச்சர் எதிரில் உட்கார்ந்து, "மோதுமா மோதாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறார். என்னால் இந்த ஒரு அறைக்குள்ளேயே முழுக் கதையையும் படிக்க முடியும்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. எட்வர்ட் லூ, ஸ்டான்லி லவ் என்ற இரண்டு விண்வெளி வீரர்கள் 2005-இல் ஒரு யோசனை சொன்னார்கள்: விண்கலத்தைக் கல்லின் அருகிலேயே நிறுத்தி, அதன் சிறிய ஈர்ப்பால் கல்லை மெல்ல இழுப்பது. இழுக்க இழுக்க, கல் விழப்போகும் புள்ளி பூமியின்மேல் ஒரு கோட்டில் ஊர்ந்து செல்லும். விளிம்பைத் தாண்டினால்தான் தப்பித்தோம். அதற்கு முன் அந்தப் புள்ளி வழியிலுள்ள நாடுகளைக் கடந்தாக வேண்டும். பாதியில் விண்கலம் பழுதானால், நேற்றுவரை ஆபத்தே இல்லாதிருந்த ஒரு நாட்டின் தலையில் விழும். எந்தத் திசையில் இழுப்பது, யார் கையெழுத்துப் போடுவது? விலக்கத் தெரிந்தவருக்குத் திருப்பிவிடவும் தெரியும் என்ற எச்சரிக்கையை வானியலாளர்கள் கார்ல் சாகனும் ஸ்டீவன் ஆஸ்ட்ரோவும் 1994-இலேயே எழுதிவிட்டார்கள். வரும் கதைகளில் வில்லனாகக் கல்லை மட்டுமே வைக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சிறுகோள் முழுக்கப் பாறைதானே? மோதினால் பிளந்துவிடாதா?

பல சிறுகோள்கள் தளர்வான கற்குவியல்கள். 2020-இல் பென்னு என்ற சிறுகோளைத் தொட்ட விண்கலத்தின் கை, எதிர்பார்த்த தடை இல்லாமல் உள்ளே புதைந்தது. டார்ட் நொடிக்கு ஒன்றாக அனுப்பிய கடைசிப் படங்களை நேரலையில் பார்த்தேன். திரை முழுக்க உருண்டு கிடந்த கற்கள்தான். பிறகு படம் பாதியில் அறுந்தது, நான் எழுந்து கைதட்டினேன். மோதியபின் டைமார்போஸின் 11 மணி 55 நிமிடச் சுற்றுக்காலம் சுமார் 33 நிமிடம் குறைந்தது. விண்கலத்தின் இடியைவிட, அதனால் பின்புறமாகத் தெறித்த கற்களும் தூசியும்தான் அதிகமாகத் தள்ளின. ஆகவே உங்கள் கல் எதனால் ஆனது என்பதை முதல் அத்தியாயத்திலேயே தீர்மானியுங்கள். முடிவு அதைப் பொறுத்துத்தான் அமையும்.

யாருமே முன்கூட்டிப் பார்க்காத கல் வந்தால்? (ஓய்வுபெற்ற செவிலியர்)

வந்திருக்கிறது. 2013 பிப்ரவரி 15, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க். சுமார் 20 மீட்டர் கல் சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் தொலைநோக்கிகளில் சிக்கவில்லை. ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில் வெடித்தது. ஒளி முதலில் வந்தது, அதிர்வலை வர ஒரு நிமிடத்துக்கும் மேலானது. என்ன வெளிச்சம் என்று பார்க்க மக்கள் ஜன்னலுக்குப் போனார்கள். காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிதான் காரணம். ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியை மட்டும் குழந்தைகளை மேசைக்கடியில் போகச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார், கண்ணாடி கிழித்தது. குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எழுதினால் அந்த ஒரு நிமிடத்தை எழுதுங்கள். காயத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது.

அபோஃபிஸ் சிறுகோள் 2029-இல் பூமியில் மோதுமா? என் கதைக்குத் தெரிய வேண்டும். (ஆறாம் வகுப்பு மாணவி)

மோதாது, கண்ணே. 2004 டிசம்பரில் 2.7 சதவீத வாய்ப்பு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அளவீடுகள் கூடக்கூட அது நீங்கிவிட்டது. 2029 ஏப்ரல் 13 அன்று அது சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் நம்மைக் கடந்து போகும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் இருப்பவர்கள் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். உன் கதையில் அதை மோத விடாதே. வேறு பெயரில் ஒரு கல்லை நீயே உருவாக்கி, அதை எந்த வருடம் யார் முதலில் பார்த்தார்கள் என்று எழுதி எனக்கு அனுப்பு.