ஸ்டென்ட் வைத்தாயிற்று, கல் வரவில்லை: லேசர் தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. மஞ்சள் காமாலை என்று சேர்த்தோம். பித்தக்குழாயில் 2 செ.மீ. கல். ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியே எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக்குழாயில் செய்யும் சிகிச்சை) செய்தும் எடுக்க முடியவில்லை, பித்தம் வடிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து லேசர் என்கிறார்கள். இப்போது காமாலை இறங்கி நன்றாகச் சாப்பிடுகிறார். அப்படியே விட்டுவிடலாமா? லேசர் பட்டால் குழாய் கருகிவிடாதா?

பதில்: விட்டுவிடக் கூடாது. காமாலை இறங்கியது ஸ்டென்ட் வழியே பித்தம் வடிவதால்தான். கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டென்ட்டில் பித்தக்கசடு படிந்து நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அதனால் 3 மாதத்துக்குள் மாற்ற வேண்டும் அல்லது எடுக்க வேண்டும். நடுவில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அது பித்தக்குழாயில் கிருமி ஏறியதன் அறிகுறி.

முதல் தடவை ஏன் வரவில்லை? 15 மி.மீ.க்கு மேற்பட்ட கல் பெரும்பாலும் இப்படித்தான் மக்கர் செய்யும். குழாயின் வாயை வெட்டி, பலூனால் விரித்தாலும், கீழ்ப்பகுதி குறுகலாக இருந்தால் கல் இறங்காது. கம்பிக்கூடையில் பிடித்து நொறுக்கலாம்தான். ஆனால் கூடை விரிய கல்லைச் சுற்றி இடம் வேண்டும். குழாயை அடைத்து உட்கார்ந்த கல்லுக்குக் கூடை விரியாது. பலவந்தமாகப் பிடித்து இழுத்தால் கூடையும் கல்லும் சேர்ந்து வாசலில் மாட்டிக்கொள்ளும். முடியாதபோது நிறுத்தி ஸ்டென்ட் வைத்தது சரியான முடிவு.

லேசர் வைத்தியத்தில் எண்டோஸ்கோப் வழியாகச் சுமார் 3.5 மி.மீ. தடிமனுள்ள சின்ன கேமராக் குழாயைப் பித்தக்குழாய்க்குள்ளேயே செலுத்துவார்கள். அதற்குள் முடியைவிடச் சில மடங்கு தடித்த கண்ணாடி இழை. அந்த இழை வழியே பாய்ந்து கல்லை உடைப்பது ஹோல்மியம் என்ற வகை லேசர். அதன் ஆற்றலைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். இழை நுனியிலிருந்து அரை மி.மீ. தாண்டுவதற்குள் அதன் வீரியம் போய்விடும். ஆகவே நுனி கல்லைத் தொட்டிருக்கும்வரை குழாய்ச்சுவருக்குப் பெரிதாக ஆபத்தில்லை. நுனி விலகிச் சுவரைத் தொட்டபடி சுட்டால் ரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். கல் கண்ணுக்குத் தெரியாமல் சுடக் கூடாது என்பதுதான் இங்கே முதல் விதி.

கல் கண்ணுக்குத் தெரிய பித்தக்குழாய்க்குள் சலைன் (உப்பு நீர்) ஓட வேண்டும், தூள் கலங்கியதும் நிறுத்திக் கழுவ வேண்டும். இதிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சலைன் அதிகமாகி அழுத்தம் ஏறினால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். அதனால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டு, அவ்வப்போது உறிஞ்சி எடுத்துக்கொண்டே செய்வார்கள். தண்ணீர் இரைப்பைக்கு ஏறி நுரையீரலுக்குள் போய்விடாமலிருக்க, பல இடங்களில் மூச்சுக்குழாய் போட்டு முழு மயக்கம் கொடுப்பதும் உண்டு. உடைந்த துண்டுகளைப் பலூனால் கீழே வழித்துவிட்டு, கேமராவால் மறுபடி பார்ப்பார்கள். பெரிய கல்லென்றால் இரண்டாவது தடவையும் வர நேரலாம். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

அந்தக் கேமராக் குழாய் பெரும்பாலும் ஒருமுறை பயன்படுத்தி எறிவது. பில் கூடுவதற்கு அது முக்கியக் காரணம், காப்பீட்டில் வருமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரைக் கேளுங்கள். முடித்து வந்த முதல் நாளில் மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியா என்று பார்க்க வேண்டும். அதைத் தடுக்க ஆசனவாயில் வைக்கும் 100 மி.கி. டைக்ளோஃபினாக் அல்லது இண்டோமெதசின் மாத்திரை உண்டு. சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை அலர்ஜி இருந்தால் சொல்லிவிடுங்கள்.

கீழாநெல்லியும் வாழைத்தண்டுச் சாறும் இதற்கு வேலை செய்யாது. பித்தக்கல்லைக் கரைக்கக் கொடுக்கும் உர்சோ மாத்திரையும் குழாயை அடைத்த 2 செ.மீ. கல்லைக் கரைக்காது.

பித்தப்பை இன்னும் உள்ளே இருந்து அதிலும் கல் இருந்தால், குழாய் சுத்தமானபின் கூடுமானவரை 2 வாரத்துக்குள் லேப்ராஸ்கோப்பியில் அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கல்லும் அங்கிருந்துதான் இறங்கும். ஸ்டென்ட் வைத்த தேதி டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதிலிருந்து 3 மாதம் எண்ணி, காலண்டரில் இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.