திங்கட்கிழமை பத்திரம் எழுத வேண்டாம், அண்ணே

போன சனிக்கிழமை குடியாத்தத்திலிருந்து ஒரு தறிக்காரர் மகளோடு என்னிடம் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்க வந்திருந்தார். கையில் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ். "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டைப் பிடிச்சுப் போடுங்க மாமா" என்று பெங்களூர் மைத்துனர் சொல்லிவிட்டாராம். நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு வீட்டை அடமானம் வைக்கத் திங்கட்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. பயப்படாதீங்க என்றுதான் ஆரம்பித்தேன். பத்திரத்தைப் பார்த்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அண்ணே, மைத்துனர் வட்டி கட்டப் போவதில்லை, நீங்கள்தான் கட்டப் போகிறீர்கள். அந்தப் படிப்பு பிள்ளைக்குப் பிடிக்குமா என்று யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். உங்கள் கொல்லையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து, இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புழுதிதான் வந்தது என்று நீங்கள் சொன்னபோதுதான் நிமிர்ந்தாள். "கீழ என்ன இருக்குன்னு மேல இருந்தே கணக்குப் போட முடியாதா சார்?"

முடியும். அதற்குப் பெயர் புவி இயற்பியல். பொறியியல் கலந்தாய்வு, நர்சிங் பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

உதாரணத்துக்கு, எண்ணெய் தேடுகிறவர்கள் தரையில் அதிர்வைக் கிளப்பி, பாறையில் பட்டுத் திரும்பும் அலையைப் பதிவு செய்கிறார்கள். கிடைப்பது நேரம் மட்டுமே, ஆழம் இல்லை. அலை போய்வர 2 நொடி என்றால் இறங்க 1 நொடி. சராசரி வேகம் நொடிக்கு 2,500 மீட்டர் என்றால் ஆழமும் 2,500 மீட்டர். உண்மையான வேகம் 2,750 என்றால்? 250 மீட்டர் பிசகிவிடும். கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கரண்டியால் துழாவியவர்களுக்கு இது புரியும்: குடம் இருக்கும் ஆழத்தைவிட மேலே தெரியும், ஏனென்றால் தண்ணீரில் ஒளியின் வேகம் மாறுவதைக் கண் கணக்கில் எடுப்பதில்லை.

அதனால் பூமிக்குள் எந்த இடத்தில் அலை என்ன வேகத்தில் போகும் என்று முப்பரிமாணத்தில் ஒரு வேக மாதிரி கட்டுகிறார்கள். கடல்நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர், உப்புப் பாறையில் 4,500. நடுவே வேகம் மாறினால் அலை பக்கவாட்டிலும் வளையும். ஒரே புள்ளியைக் கிட்டத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் பார்த்த பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவார்கள். மாதிரி சரியென்றால் எல்லாப் பதிவிலும் அந்தப் புள்ளி ஒரே ஆழத்தில் விழுந்து, கோடு மட்டமாக இருக்கும். வேகத்தைக் குறைத்துப் போட்டிருந்தால் தூரத்து முனை மேலே சுருளும், கூட்டிப் போட்டிருந்தால் கீழே தொங்கும். அந்த வளைவிலிருந்து பிழை எங்கே என்று டோமோகிராபி முறையில், அதாவது பல திசையில் போன அலைகளின் நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு, கண்டுபிடித்து, திருத்தி, கணக்கை மறுபடி ஓட்டுவார்கள். தோண்டிய கிணறு பக்கத்தில் இருந்தால் அதில் அளந்த வேகத்தோடும் ஒப்பிடுவார்கள். சௌராஷ்டிரா பக்கம் எரிமலைப் பாறைக்கு அடியில் கிடக்கும் படிவுகளைப் பார்ப்பது இன்னும் சிரமம். பொறுமைக்காரர்களின் வேலை. உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை உண்டு.

வழி இதுதான். வேலூர் முத்துரங்கம் அரசு கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், கணக்கை விடாமல். அப்புறம் ஐஐடி முதுகலை அறிவியல் படிப்புகளுக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி தன்பாத் அல்லது பம்பாய் ஐஐடியில் புவி இயற்பியல் முதுகலை. நடுவில் பைதான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளட்டும், இந்த வேலையில் பாதி கணினியில்தான். டேராடூனில் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி இதற்கென்றே ஜியோபிக் என்ற மையம் வைத்திருக்கிறது. ஒன்றை மறைக்க மாட்டேன்: கச்சா எண்ணெய் விலை விழுந்தால் ஆளெடுப்பும் சுருங்கும். அதற்காகத்தான் யூபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியல் தேர்வையும் சொல்கிறேன். அதன் வழியாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் புவி இயற்பியல் படித்தவர்களை எடுக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது போதும். முதுகலைக்குக் கடன் தேவைப்பட்டால் அப்போது வங்கியில் கல்விக் கடனாகப் பார்த்துக்கொள்ளலாம், வீட்டைத் தொட வேண்டாம்.

மைத்துனர் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய் விண்ணப்பத்துக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.