பெரியவங்களோட சேந்து பலகாரம் பண்றது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. எங்க தெருவுல ஒரு முதியோர் பகல் மையம் இருக்கு, அங்க ஆறு வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் இனிப்பு பலகாரம் பண்றோம். பண்றோம்னு சொல்றேனே ஒழிய நான் பாத்திரம் தூக்கிக் குடுக்குற ஆளுதான், பண்றது எல்லாம் 70ல இருந்து 88 வயசு வரைக்கும் இருக்க அந்த பெரியவங்க. நான் டாக்டர் இல்ல, அத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: அம்மாக்கு 76 வயசு, அடுப்பு பக்கம் விடவே பயமா இருக்கு. அடுப்பு இல்லாம என்ன பண்ணலாம்?

பதில்: மாலாடுல ஆரம்பிங்க. ஒரு கப் பொட்டுக்கடலை, முக்கால் கப் சர்க்கரை, மூணு ஏலக்காய், மிக்ஸில பொடிச்சு சலிச்சு ஒரு அகலமான தாம்பாளத்துல கொட்டி டேபிள் மேல வைங்க, அம்மா சேர்ல உக்காந்துக்கட்டும், தரையில உக்கார சொல்லாதீங்க, எழுந்திரிக்கும் போதுதான் வம்பு. கால் கப் நெய்ய நீங்க உருக்கி கொண்டு வாங்க. ஆனா எவ்வளவு ஊத்தணும்னு அம்மா சொல்லட்டும். முதல் தடவ நான் யூட்யூப் அளவு பாத்து மொத்தமா ஊத்திட்டேன், பிடிச்ச லாடு எல்லாம் அஞ்சு நிமிஷத்துல தட்டையா உக்காந்துருச்சு, பக்கத்துல இருந்த பாட்டி ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க, இன்னிக்கு வரைக்கும் நெய் கரண்டிய நான் தொடுறதில்ல. மாவ ஒரு பிடி எடுத்து அழுத்துவாங்க, உதிந்தா "இன்னும் ஒரு கரண்டி ஊத்துடி", நின்னா "போதும்". அவ்ளோதான் அளவு.

கேள்வி: மாமியாருக்கு கை நடுங்குது, எதையும் பிடிக்க முடியாது. ஏலக்காய் உரிக்க குடுத்தேன், பாதியில வச்சுட்டு டிவி பாக்க போயிட்டாங்க.

பதில்: போகத்தாங்க செய்வாங்க. சும்மா பொழுது போக குடுத்த வேலை எதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும், நாப்பது வருஷம் தீபாவளிக்கு வீடு பூரா முறுக்கு அதிரசம் சுட்டவங்கள கூப்பிட்டு ஏலக்காய் உரிக்க சொன்னா எப்படி இருக்கும்? பதம் பாக்குற வேலைய குடுங்க. ரவா வறுபட்ட வாசம் வந்துருச்சான்னு கேளுங்க, சர்க்கரை போதுமான்னு கேளுங்க, அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் அடுத்த வேலைக்கு போகாதீங்க. கை நடுக்கத்துக்கு உருண்டையே வேணாம், நெய் தடவின தட்டுல கொட்டி ஒரு டம்ளர் அடியால சமமா அழுத்தி வில்லை போட்டுக்கலாம், அழுத்துறதுக்கு நடுங்குற கை கூட தோதாத்தான் இருக்கும்.

கேள்வி: கடலை உருண்டைக்கு பாகு எனக்கு வரவே மாட்டேங்குது. பாட்டி சொல்றது புரியல, "டங்குன்னு சத்தம் வரணும்"ங்கறாங்க.

பதில்: பாட்டி சொல்றதுதான் கரெக்ட்! ரெண்டு கப் வறுத்து தோல் நீக்கின கடலைக்கு ஒரு கப் பொடிச்ச வெல்லம், கால் கப் தண்ணி. வெல்லம் கரைஞ்சதும் ஒரு தடவ வடிகட்டிருங்க, மண்ணு இருக்கும். அப்புறம் கொதிக்க விட்டு, ஒரு கிண்ணம் தண்ணில ரெண்டு சொட்டு விடுங்க. கரைஞ்சு போச்சுன்னா பத்தல. மெத்துன்னு உருட்ட வந்துச்சுன்னா அது அதிரசத்துக்கு ஆகும், கடலைக்கு ஆகாது. இன்னும் கொஞ்சம் கொதிச்சு, உருட்டினா கெட்டியா நின்னு, தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் கேட்டா அடுப்ப அணைச்சுட்டு கடலைய கொட்டுங்க. அந்த தண்ணி கிண்ணத்த பாட்டி முன்னாடி வச்சுட்டு நீங்க அடுப்புல நில்லுங்க. பாகு கொதிக்கிற தண்ணிய விட சூடு ஜாஸ்தி, மேல பட்டா ஒட்டிக்கிட்டு விடாது, வயசானவங்க தோல் வேற மெல்லிசு, அதனால சூடா உருட்டுற வேலை நம்மளோடது, கையில அரிசி மாவு தொட்டுக்கிட்டு உருட்டுங்க. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப எங்க மையத்துல ஒரு தாத்தா "பாகு பதத்துக்கு இப்பதான் சர்டிபிகேட் குடுக்குறாங்களா"ன்னு கேட்டார், ஒரே சிரிப்பு.

கேள்வி: அப்பாக்கு சுகர். வெல்லம், கருப்பட்டி போட்டா பரவாயில்லதான?

பதில்: இல்லங்க. இத எத்தன தடவ சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, வெல்லமும் கருப்பட்டியும் சுகர ஏத்தத்தான் செய்யும், வெள்ளை சர்க்கரைக்கு பதிலா போட்டா நாலு உருண்டை சாப்பிடலாம்னு கணக்கு இல்ல. கிட்னி பிரச்சனை இருந்தா வெல்லத்துல பொட்டாசியம் வேற இருக்கு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நாங்க பண்றது என்னன்னா உருண்டைய நெல்லிக்காய் சைஸுக்கு பிடிக்கிறோம், அதுவும் வெறும் வயித்துல இல்ல, டிபனோட ஒண்ணு. அப்பா பண்ணட்டும், பேரப்பிள்ளைகளுக்கு குடுக்கட்டும், பண்றவங்களே எல்லாத்தையும் சாப்பிடணும்னு இல்லயே.

கேள்வி: பல் செட், கூடவே பக்கவாதம் வந்து முழுங்குறதுல கொஞ்சம் சிரமம். என்ன குடுக்கலாம்?

பதில்: பல் செட் மட்டும்னா கடலை உருண்டைய தவிர்த்துட்டு ரவா லாடு பண்ணுங்க, சூடான பால் தெளிச்சு பிடிச்சா மெத்துன்னு இருக்கும், ஆனா ரெண்டு நாள்ல தீத்துரணும். முழுங்குறதுல சிரமம்னா கதையே வேற. மாலாடு மாதிரி பொடியா உதிருறது, கொழுக்கட்டை மாதிரி ஒட்டுறது ரெண்டுமே தொண்டைல சிக்கும், அவங்களுக்கு எந்த பதத்துல சாப்பாடு குடுக்கணும்னு டாக்டரோ தெரபிஸ்டோ சொல்லிருப்பாங்க, அத தாண்டாதீங்க. கூட உக்காந்து பண்ணலாம், வாசம் பிடிக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய். சமையல் பழக்கமே இல்ல, மளிகைக் கடை வச்சிருந்தவர். இவர எப்படி சேத்துக்கிறது?

பதில்: எங்ககிட்டயும் அப்படி ஒருத்தர் இருந்தார், பேரன் பேரு ஞாபகம் இருக்காது. ஒரு நாள் பொரி உருண்டைய கட்டித்தர பழைய பேப்பரும் நூல்கண்டும் டேபிள்ல கிடந்துச்சு, யாரும் சொல்லாமயே எடுத்து கூம்பு மாதிரி சுத்தி, மடிச்சு, நூல சுத்தி பல்லால கடிச்சு அறுத்தார். ஒரே சைஸ்ல இருபது பொட்டலம். மூளை மறந்தாலும் கை பழகின வேலை ரொம்ப நாள் நிக்கும். (இப்ப அச்சடிச்ச பேப்பர்ல சாப்பாட்ட நேரா வைக்கிறதில்ல, வெள்ளைத் தாள்தான் குடுக்குறோம்.) ஒரு நேரத்துல ஒரு வேலை சொல்லுங்க. "ஞாபகம் இருக்காப்பா"ன்னு மட்டும் கேக்காதீங்க, பரீட்சை வச்ச மாதிரி முகம் சுருங்கிரும். அடுப்புல தனியா விடவே கூடாது.

கேள்வி: ஆச்சி ஆழாக்கு, பலம்னு அளவு சொல்றாங்க. கிராம்ல எவ்வளவு?

பதில்: பலம் சுமாரா 35 கிராம். ஆழாக்கு படில எட்டுல ஒரு பங்கு, ஆனா படியே ஊருக்கு ஊர் மாறும், அதனால நெட்டுல தேடாதீங்க. ஆச்சியோட பழைய ஆழாக்கு பரண்ல கிடக்கும், எடுத்து துலக்கி அதுலயே அளந்துட்டு நீங்க தராசுல வச்சு எழுதிக்கோங்க. என் நோட்டுல ஒரே அதிரசத்துக்கு மூணு பேர் சொன்ன மூணு அளவு இருக்கு, மூணுமே நல்லா வந்துச்சு.

கேள்வி: எள்ளுருண்டை உதிருது, பாகு காச்சணுமா?

பதில்: வேணாம். எள்ளு படபடன்னு பொரியுற வரைக்கும் வறுத்து, லேசா சூடு இருக்கும்போதே வெல்லத்தோட உரல்ல இடிங்க, எண்ணெய் விட்டு தானா சேரும். ஆறின எள்ள மிக்ஸில ஓட்டிருப்பீங்க, அதான். இடிக்கிறது நீங்க, போதும்னு சொல்றது பாட்டி. எங்க பாட்டி சீக்கிரத்துல சொல்லமாட்டாங்க, கை வலிச்சா நான் பொறுப்பில்ல.