வாசகர் கேள்வி–பதில்: கணப்பின் புகை ஏன் கூடத்துக்குத் திரும்புகிறது?

கேள்வி: தளிக்கு அருகே எங்கள் தோட்டத்தில் ஓடு வேய்ந்த வீடு கட்டி, மார்கழிக் குளிருக்காகக் கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பு ஒன்றையும் அமைத்தோம். அதன் வாய் 3 அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்டது. மேஸ்திரி 6 அங்குல ஆஸ்பெஸ்டாஸ் குழாயை ஓட்டுக்கு மேல் இரண்டடி நீட்டிப் புகைபோக்கியாக வைத்திருக்கிறார். பற்றவைத்த கால் மணி நேரத்தில் கூடம் முழுவதும் புகை சூழ்ந்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தினால் சரியாகுமா? – ஒரு வாசகி, தளி.

பதில்: விசிறி வேண்டாம், இருக்கும் கோளாற்றை அது பெருக்கும். புகைபோக்கிக்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட எடை குறைந்தது என்பதால் மேலே எழுகிறது. அப்படி எழுந்து போகும் காற்றுக்கு ஈடான காற்று வெளியிலிருந்து கூடத்துக்குள் வந்தாக வேண்டும். குளிருக்குப் பயந்து கதவு சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு விசிறியையும் ஓட்டினால், அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடு புகைபோக்கி வழியாகவே இறங்கும், புகையையும் சேர்த்துக்கொண்டு. சமையலறையில் மின்சாரச் சிம்னி இருந்தால் அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். கணப்பு எரியும்போது அவற்றை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள சன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துப் பாருங்கள். புகை ஓரளவு குறையும்.

ஓரளவுதான் குறையும், ஏனென்றால் மூலக் கோளாறு குழாயின் அளவில் இருக்கிறது. திறந்த கணப்பின் வாய்ப் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது புகைவழியின் பரப்பு இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் கணப்பின் வாய் 1,080 சதுர அங்குலம். அதற்கு 108 சதுர அங்குலப் புகைவழி தேவை, 6 அங்குலக் குழாய் தருவதோ 28 மட்டுமே. மேஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமையல் விறகடுப்புக்குக் குழாய் வைத்துப் பழகிய கை அது, சிறு வாய்க்குப் பொருந்திய அளவை அப்படியே பெருவாய்க்கும் வைத்துவிட்டது. 12 அங்குல விட்டமுள்ள புகைவழியை, உள்ளே சுட்டமண் குழாய் பதித்துச் செங்கல்லால் கட்டலாம். அல்லது வாய்க்குள் கதவுள்ள இரும்புக் கணப்படுப்பு ஒன்றைப் பொருத்தலாம், அவற்றுள் பலவற்றுக்கு 6 அங்குலக் குழாயே போதும். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். விறகும் குறைவாகவே செலவாகும்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டடி உயரம் போதாது. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், சுற்றிலும் கிடைமட்டமாக 10 அடிக்குள் இருக்கும் எந்தப் பகுதியையும்விட 2 அடியும் புகைபோக்கி உயர்ந்திருக்க வேண்டும். கூரை முகடு ஆறடி தள்ளி, துளையைவிட 3 அடி உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அப்போது துளைக்கு மேல் 5 அடி தேவைப்படும். இல்லையென்றால் முகட்டைத் தாண்டிச் சுழலும் காற்று புகையை உள்ளே தள்ளிவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அகற்றிவிடுங்கள். கடும் வெப்பத்தில் அது வெடித்துப் பிளக்கும். அதை அறுக்கும்போது எழும் தூசியோ நுரையீரலுக்குக் கேடு, எனவே நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். பிவிசி குழாயைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரும்புக் கணப்படுப்பு வைப்பதானால், கூரையைத் தாண்டிச் செல்லும் பகுதிக்கு ஒற்றைத் தகட்டுக் குழாய் ஆகாது. இரட்டைச் சுவருக்கு நடுவே வெப்பக்காப்பு அடைத்த துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வேண்டும். அதற்கும் கூரையின் மரச்சட்டம், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் ஆகியவற்றுக்கும் இடையே தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை, குறைந்தது 2 அங்குலத்தை, எதையும் திணிக்காமல் வெறுமையாக விடுங்கள். நெடுநாள் சூடு பட்டு வறண்ட மரம் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும்.

உங்கள் பக்கம் எளிதில் கிடைக்கும் தைலமர விறகைப் பச்சையாக எரித்தால், புகைவழியின் உட்சுவரில் தார் போன்ற கரும்படிவு ஒட்டும். ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். பிளந்து, மழைபடாமல் அடுக்கி, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உலர்த்துங்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும், குளிர் தொடங்குமுன், ஆண்டுதோறும் புகைவழியைத் தூர்வாருங்கள். படிவு 3 மில்லிமீட்டரை எட்டிவிட்டால் ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம். உச்சியில் கம்பிவலையுடன் கூடிய மூடி இருந்தால் மழையும் அணிலும் உள்ளே வாரா.

கேள்வி: இரவில் தணல் மட்டும் இருக்கும்போது புகைவழியின் உள்ளே இருக்கும் அடைப்புத் தகட்டை மூடினால் சூடு தங்குமே, மூடலாமா? – ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை.

பதில்: கூடாது. புகை கண்ணுக்குத் தெரியாத தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அது காட்டும் அறிகுறிகள் உறங்குபவருக்குத் தெரிவதில்லை. இரும்புச் சட்டியில் கரித்தணலைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவது இதைவிட ஆபத்து, அங்கே புகைபோக்கியே கிடையாது. சாம்பல் முழுவதும் ஆறிய பிறகே அடைப்புத் தகட்டை மூடுங்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் சாம்பலுக்கு அடியில் நெருப்பு மறுநாள்வரைகூடக் கனன்றிருக்கும் என்பதால், அதைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளாமல், மூடியுள்ள தகர வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வெறுந்தரையில் வையுங்கள்.