அணுக்கருவின் ஆரத்தை எந்த இடத்தில் எப்படி இடுவது?

கேள்வி: பினாங்கில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். அலுமினியம்-26 கிளர்நிலையின் பீட்டாச் சிதைவுக்குரிய எஃப் மதிப்பைக் (வெளியேறும் துகள்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல் நிலைகளைக் கூட்டித் தரும் எண்) கணிக்கும் நிரலில், அணுக்கருவின் ஆரத்துக்கு 1.2 பெருக்கல் நிறை எண்ணின் கனமூலம் என்ற பாடநூல் சூத்திரத்தையே இட்டிருக்கிறேன். அது போதுமா?

பதில்: வகுப்பறைக் கணக்குக்குப் போதும், நீங்கள் எடுத்துக்கொண்ட கணக்குக்குப் போதாது. சுழற்சி சுழியிலிருந்து சுழிக்குச் செல்லும் இவ்வகைச் சிதைவுகளிலிருந்துதான் புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளிருக்கும் மேல் குவார்க்கையும் கீழ் குவார்க்கையும் இணைக்கும் கலப்பு எண்ணை மிகத் துல்லியமாகப் பெறுகிறார்கள். இயற்பியலர்கள் ஹார்டியும் டவ்னரும் 2020இல் வெளியிட்ட தொகுப்பில் அது 0.97373. அதன் வர்க்கத்தோடு, குவார்க் கலப்பு அணியில் அதே வரிசையிலுள்ள மற்ற இரண்டு எண்களின் வர்க்கங்களையும் கூட்டினால் 1 வரவேண்டும், வருவதோ 0.9985 அளவில். ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கேயான இந்தக் குறை மெய்யானதா என்பதே வழக்கு என்பதால், பத்தாயிரத்தில் சில பங்கு பிழைகூட இங்கே பொருட்படுத்தத்தக்கது.

உங்கள் சூத்திரத்தைச் சோதிப்போம். 26இன் கனமூலம் 2.96, ஆரம் 3.55 ஃபெம்டோமீட்டர். இது கூர்மையான விளிம்புள்ள சீரான கோளத்தின் ஆரம். ஆய்வு அட்டவணைகள் தருவதோ இருமடிச் சராசரியின் வர்க்கமூலமான மின்னூட்ட ஆரம். ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஐந்தில் மூன்றின் வர்க்கமூலத்தால், அதாவது 0.775ஆல், பெருக்கவேண்டும், உங்கள் கோளம் 2.75 ஆகச் சுருங்கும். வெளியேறும் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) சேய்க்கருவின் மின்புலத்தில்தான் செல்கிறது. அந்தச் சேய்க்கருவான மக்னீசியம்-26க்கு அளவிடப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 3.034. ஆகவே நீங்கள் ஒன்பது விழுக்காடு குறைத்துவிட்டீர்கள். இலேசான கருக்களில் விளிம்பு மங்கலாகப் பரவியிருப்பதால் இச்சூத்திரம் இப்படித்தான் ஏமாற்றும்.

இதன் விளைவைத் தோராயமாக மதிப்பிடலாம். கருவின் பருமன் தரும் திருத்தத்தின் முதன்மைப் பகுதி, நுண்கட்டமைப்பு மாறிலி, அணு எண், பாசிட்ரானின் ஆற்றல், கோள ஆரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனை ஒட்டியது. இச்சிதைவில் அது 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை வரும். அதில் ஒன்பது விழுக்காடு என்பது 0.03 விழுக்காடு, அதாவது எஃப்பையும் அரைவாழ்வையும் பெருக்கித் திருத்திய எஃப்டி மதிப்பின் இன்றைய மொத்தப் பிழைக்கே ஏறக்குறைய ஈடானது. மாறாக, 3.034ஐ மாற்றாமல் அப்படியே கோள ஆரத்தின் இடத்தில் இட்டால் பிழை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். மாணவர்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். பாடநூல் சூத்திரத்தைவிட இதுவே மோசமானது.

ஆரம் மற்றொரு வாசல் வழியாகவும் நுழைகிறது. புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் புரோட்டானின் அலைச்சார்பு நியூட்ரானுடையதைவிடச் சற்று விரிந்திருக்கும். சிதைவில் புரோட்டான் நியூட்ரானாக மாறும்போது இரண்டும் முழுமையாகப் பொருந்தாததால் சிதைவு சிறிது தளர்கிறது. இத்தளர்வைக் கணிக்கும் கருப்புல மாதிரி, தாய்க்கருவின் மின்னூட்ட ஆரத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்படுகிறது. அலுமினியம்-26 கிளர்நிலையின் அரைவாழ்வு ஆறு நொடிகளுக்குச் சற்று அதிகம் மட்டுமே என்பதால் அதன் ஆரத்தை நெடுங்காலம் யாரும் அளக்கவில்லை. அக்கம்பக்கத்து ஐசோடோப்புகளைப் பார்த்து ஊகித்த எண்தான் புழக்கத்தில் இருந்தது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலும் பின்லாந்தின் யுவாஸ்கைலாவிலும் லேசர் நிறமாலை முறையில் அளந்து 2023இல் வெளியிட்ட மதிப்பு 3.130, பிழை 0.015. ஊகத்திலிருந்து அது 4.5 திட்டவிலக்கம் தள்ளி நின்றது. அதனால் திருத்தப்பட்ட எஃப்டி ஒரு திட்டவிலக்கம் நகர்ந்து 3071.4 நொடி ஆனது. பதின்மூன்றுக்கும் மேற்பட்ட கருக்களின் சராசரியை ஒரு கரு பெரிதாக அசைக்காது. ஆனால் மற்றவற்றின் ஊகங்களையும் சந்தேகிக்க இது போதுமான காரணம் என்பது என் கருத்து.

மூன்றாவதாக ஒன்று உண்டு. மின்னூட்டம் கரு முழுவதும் பரவியிருக்கிறது. சிதைவோ பெரும்பாலும் வெளிக்கூட்டு நியூக்ளியான்களில் நிகழ்கிறது. ஆகவே சிதைவு நிகழும் பரவலை மின்னூட்டப் பரவலுக்குச் சமமாகக் கொள்வது ஒரு தோராயமே. சிலிக்கான்-26, அலுமினியம்-26, மக்னீசியம்-26 ஆகிய மூவரின் ஆரங்களையும் ஐசோஸ்பின் சமச்சீரால் (புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரு நிலைகளாகக் கொள்வது) இணைத்து அப்பரவலை மாதிரியின் துணையின்றிப் பெறலாம். முதுகலை ஆய்வேட்டுக்கு இது கட்டாயமல்ல.

இப்போதைக்கு, ஃபெர்மி சார்பில் (பாசிட்ரான்மீது கருவின் மின்புலம் ஏற்படுத்தும் விளைவைக் கணக்கிடும் பகுதி) மக்னீசியம்-26இன் அளவிட்ட மதிப்பை 1.291ஆல் பெருக்கிக் கோள ஆரமாக்கி, அதாவது 3.92 என, இடுங்கள். பொருந்தாமைத் திருத்தத்தை நீங்களே கணித்தால் அங்கே 3.130 இருக்கட்டும். பிறகு ஆரத்தை 0.02 கூட்டியும் குறைத்தும் நிரலை இருமுறை ஓட்டி, எஃப் எவ்வளவு மாறுகிறது என்பதை ஆய்வேட்டின் பிழை அட்டவணையில் தனி வரியாக எழுதுங்கள்.