கேஜன் உணவைத் தேடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு ஹூஸ்டனிலிருந்து காரில் நியூ ஆர்லியன்ஸ் சென்றபோது, கேஜன் உணவு என்று பலகை வைத்திருந்த ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். காரத்தையும் உப்பையும் தவிர வேறெதுவும் நாவில் நிற்கவில்லை. வரும் அக்டோபரில் மீண்டும் அதே வழியில் செல்கிறோம். எல்லா இறைச்சியும் உண்போம். நல்ல கேஜன் உணவு எங்கே கிடைக்கும்?

கே., ஹூஸ்டன்

அன்புள்ள கே.,

நீங்கள் தேடிய உணவை, நியூ ஆர்லியன்ஸுக்கு இரண்டு மணிநேரம் முன்பாகவே, லஃபாயெட் நகரத்தில் கடந்து சென்றுவிட்டீர்கள். 1755இல், இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரிட்டிஷார் விரட்டத் தொடங்கிய, பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்த அக்கேடிய மக்களில் ஒரு பகுதியினர், 1760களிலிருந்து தென் லூசியானாவின் சதுப்புகளிலும் புல்வெளிகளிலும் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களே கேஜன் மக்கள். லஃபாயெட்டும் அதைச் சுற்றிய சிற்றூர்களுமே அவர்களின் நிலம். நியூ ஆர்லியன்ஸின் கிரியோல் சமையல் மிகச் சிறந்ததுதான், ஆனால் அது துறைமுக நகரத்தின் சமையல், வேறு மரபு.

கேஜன் என்றால் காரம் என்ற எண்ணம் 1980களில் பரவியது. ஒப்பலூசஸ் பகுதியில் பிறந்த சமையற்கலைஞர் பால் ப்ருடோம், நியூ ஆர்லியன்ஸில் நடத்திய தம் உணவகத்தில், மசாலா பூசிய மீனைக் கனல் போலச் சூடேறிய இரும்புச் சட்டியில் கருக்கிப் பரிமாறிப் பெரும்புகழ் பெற்றார். அவர் மேதை. அவரைப் பின்பற்றியவர்களோ எதன்மேலும் மிளகாய்ப்பொடியைத் தூவி அதற்குக் கேஜன் என்று பெயரிட்டார்கள்.

இந்தச் சமையலின் உயிர் 'ரூ'வில் இருக்கிறது. எண்ணெயில் கோதுமை மாவைச் சிறுதீயில் கைவிடாமல் கிளறி, சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்து, கருகுவதற்குச் சற்று முன்பாக, நறுக்கிய வெங்காயத்தையும் செலரியையும் குடைமிளகாயையும் கொட்டி அந்தச் சூட்டை அடக்குவார்கள். அதில் கோழியும் புகையிட்ட சாசேஜும் சேர்ந்து கொதித்து, சோற்றின்மேல் ஊற்றப்படும்போது அது கம்போ. அங்கே கம்போவில் தக்காளி சேர்ப்பதில்லை. ஆகவே கம்போ சிவப்பாக வந்தால் நீங்கள் தேடிய இடம் அதுவன்று. அடர்பழுப்பாக, வறுத்த மணத்தோடு, காரம் பின்னால் மெல்ல எழுமாறு வந்தால் தயங்காமல் உட்காருங்கள்.

ஹூஸ்டனிலிருந்து காலையிலேயே புறப்படுங்கள். லஃபாயெட்டை ஒட்டி மேற்கே இருக்கும் ஸ்காட் என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, இறைச்சிக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் சூடாக விற்கும் பூடானை வாங்குங்கள். பன்றியிறைச்சியும் ஈரலும் சோறும் வெங்காயத்தாளும் சேர்த்துக் குடலுறையில் அடைத்து வேகவைத்தது அது. உறையைக் கடித்துப் பிதுக்கி, காரிலேயே உண்பதுதான் உள்ளூர் வழக்கம். பெட்ரோல் நிலையம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வேலைக்குச் செல்லும் உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் இடத்தை நான் எந்த நட்சத்திரக் குறியையும்விட அதிகம் நம்புகிறேன். மதிய உணவை லஃபாயெட்டில், சோறும் இறைச்சிக் குழம்பும் ஒரே தட்டில் தரும் எளிய உணவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல பிற்பகல் இரண்டு மணியளவில் மூடிவிடும்.

க்ராஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கியை மட்டும் இந்தப் பயணத்தில் எதிர்பார்க்க வேண்டாம். நெல் வயல்களில் நீர் நிறுத்தி வளர்க்கப்படும் அதன் பருவம் ஏறத்தாழ ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபரில் கிடைப்பது பெரும்பாலும் உறையவைத்தது, சில இடங்களில் இறக்குமதி செய்தது. அதை உண்ண மார்ச் அல்லது ஏப்ரலில் ஒருமுறை லஃபாயெட்டுக்கு அருகிலுள்ள பிரோ பிரிட்ஜ் ஊருக்குச் செல்லுங்கள். அக்டோபரில் கம்போவையே கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்