ஊர் சுற்றுவது சோறு போடுமா?

போன வாரம் என்ன படிக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள். மாமா நேரில் வரவில்லை; அப்பாவின் போனில், ஸ்பீக்கரில், மேசை மேல் இருந்தார். "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்ல சேர்த்துடுங்க, லீவுல ஊர் சுத்திக்கட்டும்" என்று முக்கால் மணி நேரத்தில் மூன்று முறை சொல்லிவிட்டார். மகளுக்கோ பயண வலைப்பதிவராக வேண்டும். அம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை. மறுநாள் தனியாக போன் செய்து, "பிள்ளை வீணாப் போயிடுவாளா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வீணாகப் போக மாட்டாள் அம்மா. இதோடு உங்களை அனுப்பிவைத்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள், ஆனால் பிரச்சினை அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் இரண்டு தப்புக் கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று மகளுடையது, இன்னொன்று உங்கள் அண்ணனுடையது. இரண்டில் உங்களை அதிகம் செலவுக்கு இழுப்பது அண்ணனுடையது.

முதலில் மகளின் கணக்கு. வீடியோ போட்டால் பணம் வரும் என்கிறாள். வரும்தான். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்கவே 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்கள் 1 கோடி முறை ஓடியிருக்க வேண்டும். அதற்கப்புறம் நீள வீடியோக்களின் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் அவளுக்கு. அதுவும் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மாதம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். டிசம்பரில் கொழுத்து ஜனவரியில் வற்றும்.

எழுதுகிற வலைப்பதிவு என்றால் கூகுள் தேடலை நம்பித்தான் பிழைப்பு. 2023 செப்டம்பரில் கூகுள் தன் தரவரிசையை மாற்றியபோது, வருடக்கணக்கில் உழைத்து வளர்த்த பயணத் தளங்கள் பலவற்றுக்கு வாசகர் வரத்து திடீரென்று சரிந்தது. 2024-லிருந்து தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைச் சொல்லிவிடுகிறது. அப்புறம் கீழே இருக்கிற சுட்டியை யார் தொடப்போகிறார்கள்? வலைப்பதிவில் உள்ள சுட்டி வழியாக யாராவது விடுதி முன்பதிவு செய்தால் கமிஷன் உண்டு, ஆனால் பெரும்பாலும் விருந்தினர் தங்கி முடித்த பிறகுதான் கணக்கில் ஏறும்; ரத்து செய்துவிட்டால் ஒன்றும் இல்லை. "இலவசமாகத் தங்குங்கள், எங்களைப் பற்றி எழுதுங்கள்" என்று விடுதிகள் கூப்பிடும். அந்த அறையை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது. இன்னொன்று, சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்குப் படம் எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். கடற்கரையில் சாய்ந்து லேப்டாப் தட்டுகிற படங்களைப் பார்த்திருப்பாள். அந்த வெயிலில் திரையில் ஒரு எழுத்தும் தெரியாது என்று அவளிடம் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தாள்.

சரி, அண்ணனின் கணக்கு. கையில் ஒரு நல்ல பட்டம் இருந்தால் பயமில்லை என்கிறார். நான்கு வருடம், அதற்கு நீங்கள் வாங்கப்போகும் கடன், அதற்கு ஈடாக வீட்டுப் பத்திரம். நிரல் எழுதுவது பிடிக்குமா என்று கேட்டேன். "போர்டு தேர்வில் வந்ததால் படித்தேன்" என்றாள். பிடிக்காத படிப்பில் அரியர் வைத்தால் நான்கு வருடம் ஆறு வருடமாகும், வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். அந்தத் துறையை நான் குறை சொல்லவில்லை. அதில் ஆசை இருப்பவன் கடன் வாங்கிப் படித்தாலும் அடைத்துவிடுவான். ஆசை இல்லாத பிள்ளைக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் நான் வழவழ கொழகொழவென்று பேச மாட்டேன். அண்ணன் பெரியவர், மரியாதை கொடுங்கள். தவணை கட்டப்போவது அவர் இல்லை.

ஹோட்டல் மேனேஜ்மென்ட், விஷுவல் கம்யூனிகேஷன், பி.பி.ஏ. பற்றியெல்லாம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். விடுகிறேன்.

அன்று அவள் பையிலிருந்து மதிப்பெண் சான்றிதழை எடுத்தபோது கூடவே ஒரு நோட்டு வந்தது. போன வருடம் பதினோரு பேர் சேர்ந்து போன குடும்பப் பயணத்துக்கு அவள் போட்ட திட்டம். இடது பக்கம் ரயில், பேருந்து நேரங்கள். வலது பக்கம் "தவறினால்" என்று தலைப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி. ஓரத்தில் சின்ன எழுத்தில், "பாட்டியால் படி ஏற முடியாது. லிஃப்ட் உண்டா? போன் செய்து கேட்டாச்சு, உண்டு." அவளுடைய வலைப்பதிவையும் பார்த்தேன். சூரிய உதயப் படங்களைச் சீண்ட ஆளில்லை. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, விட்டால் என்ன வழி என்று எழுதியதைத்தான் ஆட்கள் இன்னும் தேடி வந்து படிக்கிறார்கள்.

இந்தப் புத்திக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. டூர் ஆபரேஷன்ஸ், அதாவது மற்றவர்களின் பயணத்தைத் திட்டமிட்டு நடத்திக் கொடுப்பது, அதோடு ஒட்டிய டிக்கெட்டிங். நாற்பது பேர் ஒரு சுற்றுலா போய்த் திரும்பினால், அதற்குப் பின்னால் ஒரு மேசையில் ஒருவர் மூன்று மாதம் உட்கார்ந்திருப்பார். அமேடியஸ், சேபர் போன்ற முன்பதிவு அமைப்புகளில்தான் அவருடைய பொழுது போகும். சேபர் 1960-களிலிருந்து இருக்கிறது. அமேடியஸை 1987-ல் நான்கு ஐரோப்பிய விமான நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கின. பளபளப்பான பக்கங்களை எதிர்பார்க்காதீர்கள். வேலை தெரிந்தவர்கள் இன்றும் எழுத்துக் கட்டளைகளைத் தட்டித்தான் ஓட்டுகிறார்கள். இருக்கை நிலவரத்தில் ஒரு கட்டண வகுப்புக்கு 9 என்று காட்டினால் ஒன்பதோ அதற்கு மேலோ இருக்கிறது என்று அர்த்தம். 2 என்றால் உடனே பிடி. பயணியின் பெயர், பயணப் பாதை, தொடர்பு எண், டிக்கெட் எடுக்கும் கெடு, யார் கேட்டுப் பதிவானது என்ற ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு பதிவு முழுமையாகும். அப்புறம்தான் ஆறு எழுத்துக் குறியீடு கிடைக்கும்.

பெரிய சிக்கல்கள் அதற்குப் பிறகு வரும். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் என்றால், முதலாவது தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்த விமானத்தில் அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசா வேண்டியிருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா? ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் ஐரோப்பிய நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டதா? விடுதியில் பிடித்து வைத்த அறைகளைத் தண்டம் இல்லாமல் விடுவிக்கக் கடைசி நாள் எது? ரூமிங் லிஸ்டில் யாரை யாரோடு போடுவது? உங்கள் மகளின் "தவறினால்" பத்தி இதுதான் அம்மா, இன்னும் பெரிய அளவில்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் குறைவு. முதல் இரண்டு வருடம் அவள் எங்கும் போக மாட்டாள், மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருப்பாள். ஊர் உலகம் விடுமுறையில் இருக்கும்போது இவளுக்கு வேலை நெரிக்கும். நள்ளிரவில் போன் அடிக்கும். 2020-ல் நாடு விட்டு நாடு போகிறவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியபோது இந்த மேசைகளும் காலியாயின. ஆனால் இந்த வேலை தெரிந்தவர்களை விமான நிறுவனங்கள், விசா மையங்கள், மாநாடு நடத்துபவர்கள், கம்பெனிகளின் பயணப் பிரிவுகள் எல்லாம் எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் அனுபவம் வந்தால் விடுதிகளும் விமான நிறுவனங்களும் ஃபேம் ட்ரிப்புக்கு, அதாவது தங்கள் இடத்தையும் சேவையையும் நேரில் பார்த்துப் பழகும் பயணத்துக்கு, அழைக்கும். வேறு யாரும் எழுதாத விஷயங்கள் அவள் வலைப்பதிவில் வரத் தொடங்குவதும் அப்போதுதான்.

படிப்புக்குப் பெரிய தொகை வேண்டாம். கட்டணம் குறைவான கல்லூரியில் புவியியலோ ஒரு வெளிநாட்டு மொழியோ எடுக்கட்டும். கூடவே விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் பயணத் துறை டிப்ளமோ. வீட்டிலிருந்தே படிக்கலாம், சில மாதங்களில் முடிந்துவிடும். முன்பதிவு அமைப்புக்குத் தனியாக ஒரு குறுகிய பயிற்சி. "ஆறு வாரத்தில் இன்ஃப்ளூயன்சர் ஆக்குகிறோம்" என்று அவள் காட்டிய வகுப்புக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். புது கேமராவும் வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். வலைப்பதிவை நிறுத்தச் சொல்லாதீர்கள். சொந்தப் பெயரில் ஒரு தளம், வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல், இரண்டையும் அவள் பொறுப்பிலேயே வைத்திருக்கட்டும். யூடியூபும் கூகுளும் விதியை மாற்றினாலும் இவை அவளிடம்தான் இருக்கும்.

உங்கள் அண்ணன் அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு வெளிநாடு போவதாக அன்று போனில் சொன்னாரே, அந்தப் பயணத்தை முழுசாக இவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். டிக்கெட், விசாத் தாள்கள், அறை, "தவறினால்" எல்லாம் இவளே பார்க்கட்டும். சேவைக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாமா என்பதற்காகக் குறைக்க வேண்டாம்.